பூசைத் தட்டில் இருந்த சிவப்பு ஐ.சி.

என் காரின் டேஷ்போர்டு மூடிக்கு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். தோட்ட ஆபீஸ் டைப்ரைட்டரில், துரை வெளியே போயிருந்த நேரம் பார்த்து நானே அடித்தது. மொத்தம் பதினான்கு விதிகள். முதல் விதி, லைசன்ஸ் கையில் இருக்கிறதா என்று பார். இரண்டாவது, ரோட்டேக்ஸ் தேதியைப் பார். ஆறாவது பணத்தைப் பற்றியது: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே, பத்து வெள்ளித் தாள் ஒன்றை மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொள். ஏழாவது, காலித் தைலப் புட்டி ஒன்றில் பத்துக் காசு நாணயங்கள் இருபது, டெலிபோனுக்கும் கார் நிறுத்துவதற்கும். ஒன்பதாவது, எண்ணெய் அரை டாங்கிக்குக் கீழே இறங்கிவிட்டால் ஜெராமைத் தாண்டாதே. பதினான்காவது, சந்தேகமாக இருந்தால் போகாதே.

தைரியசாலி எவனும் இப்படித் தாள் ஒட்டமாட்டான். எனக்கு லைசன்ஸ் கிடைத்தது முப்பத்து நான்காவது வயதில், நான்காவது முயற்சியில். அதுவும் சோதிக்க வந்த அதிகாரி களைத்துப்போய்க் கொடுத்தது என்று என் மனைவி இன்றைக்கும் நம்புகிறாள். கோலசிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் நடுவே இருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுபவன். எண்பதுகளின் நடுவில், எனக்கு முன் எத்தனை பேர் கைபட்டதோ தெரியாத ஒரு வெள்ளைக் காரை வாங்கினேன். நாற்பதுக்கு மேல் ஓட்டமாட்டேன். பாசிர் பெனம்பாங்குக்கு மீன் வாங்கப் போகும் வழியில் ஒரு தடவை, சைக்கிளில் கூடையோடு வந்த ஒரு பெண்மணி என்னை முந்திப் போனார். போகும்போது, கார் கெட்டுப்போய்விட்டதா என்று அனுதாபமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மச்சான் எனக்கு நேர் எதிர். என் மனைவிக்கு மூத்த அண்ணன், தோட்டத்து லோரி டிரைவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு, மழை பெய்து வழுக்கும் செம்மண் பாதையில் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுருட்டுப் பற்றவைப்பார். பாம்புக்குப் பயப்படமாட்டார், துரைக்குப் பயப்படமாட்டார். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது அவருடைய சட்டைப் பையில் இருந்தது. நிறம் சிவப்பு.

ஐ.சி. என்பது அடையாள அட்டை. நீல ஐ.சி. வைத்திருப்பவன் இந்த நாட்டுக் குடிமகன். சிவப்பு ஐ.சி. வைத்திருப்பவன் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குடிமகன் இல்லை. மச்சான் பிறந்தது இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பிரசவம் பார்த்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்தவர் யாரும் போய் எழுதவில்லை. ஒன்பது வருஷம் கழித்து என் மனைவி பிறந்தபோது தோட்டத்து மருத்துவமனை வந்துவிட்டது. டிரெஸ்ஸர் ஒருவர் பெயரை எழுதினார். அவள் நீலம், அண்ணன் சிவப்பு. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே சோற்றுச் சட்டி.

அதைப் பற்றி அவர் பேசுவதே அபூர்வம். அந்தச் சமயத்தில் தோட்டத்தின் ஒரு பகுதியை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. லயத்தை இடித்தால் எல்லாரும் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடலாம், நீல ஐ.சி. உள்ளவர்கள் மட்டும். ஒருநாள் லோரியைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"என்னைத் திருப்பி அனுப்பிருவாங்களா மாப்ள?"

அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள் என்றேன்.

"அனுப்புனா எங்க அனுப்புவாங்க? நான் கிள்ளானத் தாண்டி ஒரு ஊரும் பாத்தது இல்லையே."

குடியுரிமைக்கு மனுப் போட்டு ஆறு வருஷம் கழித்து, ஒரு நீளமான பழுப்பு உறை ஆபீஸ் தபால் பையில் வந்து சேர்ந்தது. இன்ன தேதி, காலை பத்து மணி, ஷா ஆலாமில் நேர்முகப் பேட்டி. சிவப்பு ஐ.சி.யும் இந்தக் கடிதமும் அவசியம் கொண்டுவர வேண்டும். மலாயில் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருக்கு மலாய் நன்றாகவே வரும். எண்ணெய் ஆலையில் வரிசை நிற்கும் லோரிக்காரர்களோடு சண்டை, சமாதானம், கேலி எல்லாம் அந்த மொழியில்தான். ஆனால் நான் மலாய் படித்துப் பரீட்சையில் தேறியவன். அதனால் தினமும் வேலை முடிந்ததும் அவரை ஆபீஸில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். அவர் வாயைத் திறந்தால் திருத்தினேன். சொல்லுக்கு முன்னால் இதைச் சேர்க்க வேண்டும், பின்னால் அதைச் சேர்க்க வேண்டும் என்றேன். இரண்டு வாரத்தில், தேசிய மலர் எது என்று கேட்டால் அவர் நெற்றி வியர்க்க ஆரம்பித்தது. தெரியாதது எதையும் நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை. தெரிந்திருந்ததை மறக்கவைத்தேன், அவ்வளவுதான்.

பேட்டிக்கு முந்தின நாள் சரஸ்வதி பூசை. எங்கள் வீட்டில் அன்று சோறு போடுகிற எல்லாப் பொருளும் சாமி தட்டுக்குப் போய்விடும். பிள்ளைகளின் புத்தகங்கள், என் பேனா, வங்கிப் புத்தகம், கார் சாவி, என் லைசன்ஸ். காருக்கும் தனியாகப் பூசை உண்டு. என் மனைவிக்குச் சந்தனம் விஷயத்தில் தாராளமான கை. கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, நம்பர் பலகை இரண்டிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், முன்னால் ஒரு மாலை, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் மச்சான் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே ஐ.சி.யும் கடிதமும்.

"தங்கச்சி, இதையும் அம்மா காலடியில வை."

அவள் வைத்தாள். ஐ.சி. மீது ஒரு சந்தனப் பொட்டு, கடிதத்தின் மூலையில் ஒன்று. எல்லாரும் கும்பிட்டோம். அவர் மட்டும் எழுந்திருக்க நேரமானது.

தட்டில் வைத்த எதையும் மறுநாள் மறுபூசை முடியும்வரை தொடக்கூடாது. அது வழக்கம். மறுபூசை, கோயிலில் குறித்துக் கொடுத்தபடி, காலை ஒன்பது மணிக்கு. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, என் நாற்பது வேகத்தில் ஷா ஆலாமுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இந்தச் சின்னக் கணக்கை ஆபீஸில் கணக்கு எழுதும் நானும் போடவில்லை, நாளெல்லாம் ரோட்டில் கிடக்கும் அவரும் போடவில்லை. அவ்வளவு முக்கியமான காகிதத்தைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்ட திருப்தியில் மூன்று பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

காலை ஏழரைக்கு வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, தலையில் எண்ணெய் பளபளக்க அவர் வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சாமியறைப் பக்கம் பார்த்தேன். அவரும் பார்த்தார். எனக்கு நேரமாகிறதே என்ற பயம். அவருக்கு அதைவிடப் பெரிய பயம். இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, கடைசி நாளில் அம்மனைக் கோபப்படுத்திவிட்டுப் போவதா? ஒன்பது மணி வரை இருந்துவிட்டே போகலாம், லேட்டானால் அங்கே காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவர் குரல் அதை நம்பவில்லை.

என் மனைவிதான் முடிவு செய்தாள். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு வந்தாள். "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று கற்பூரத்தை ஏற்றினாள். ஆனால் ஒரு நிபந்தனை. அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும், மற்றது ஒன்பது மணிக்கு முறைப்படி. எடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். கார் சாவி, ஒரு மன்னிப்பு. ஐ.சி., ஒரு மன்னிப்பு. கடிதம், ஒரு மன்னிப்பு. இன்னும் ஏதாவது வேண்டுமா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஒன்றும் இல்லை என்று தலையாட்டினேன்.

பேட்டிக்குப் போகிறவர் களைத்துப் போகக்கூடாது, நானே ஓட்டுகிறேன் என்றேன். உண்மையில், என் காரை வேறு யாரும் ஓட்டுவதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. புறப்படும் முன் வழக்கம்போல டேஷ்போர்டு மூடியைத் திறந்து விதிகளைப் பார்த்தேன். லைசன்ஸ்? சட்டைப் பையைத் தட்டினேன். விறைப்பாக ஏதோ ஒன்று கையில் பட்டது. சரி என்று இரண்டாம் விதிக்குப் போனேன். எல்லாம் பார்த்து முடிக்க ஆறு நிமிஷம் ஆனது. மச்சான் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்தபடி, உதடு மட்டும் அசைய மலாய் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெராமைத் தாண்டிக் காப்பார் போகும் வழியில், ஒரு வளைவு திரும்பியதும், அவர் உதடு நின்றது.

"மாப்ள. மாத்தா."

ரோட்டின் குறுக்கே கூம்புகள், அதற்குப் பின்னால் மாத்தா, அதாவது போலீஸ். நாலைந்து பேர், மரத்தடியில் ஒரு மேசை, பக்கத்தில் ஜீப். அந்தக் காலத்தில் ரோடு பிளாக் என்பது தினசரி நடப்பதுதான். நின்று, கண்ணாடியை இறக்கி, லைசன்ஸைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மச்சான் கையைச் சட்டைப் பைமேல் வைத்தார். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் எல்லாருக்கும் போலீஸைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். பையில் ஐ.சி. இல்லை, மடியில் இருந்த உறையில் இருந்தது. கை அதை உணர்ந்ததும் அவர் திடுக்கிட்டதை நான் பார்த்தேன்.

நரைத்த மீசை வைத்த ஒரு சார்ஜன்ட் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்தார், பின்னால் குனிந்தார். இந்தக் காரின் நம்பர் என்ன என்று கேட்டார். சந்தனத்துக்கு அடியில் இரண்டு எண் மட்டுமே வெளியே தெரிந்தன என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நான் நம்பரைச் சொன்னேன். லைசன்ஸ் கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே என்னிடம் திருப்பி நீட்டினார். அது என் பாக்கெட் டைரி.

அப்போதுதான் என் லைசன்ஸ் எங்கே இருக்கிறது என்று கண்முன் தெரிந்தது. பெரிய மகனின் கணக்குப் புத்தகத்துக்கு அடியில், ஒரு கொய்யாப்பழத்துக்குப் பக்கத்தில். முதல் விதி. நானே டைப் அடித்த முதல் விதி.

பரீட்சையில் தேறிய என் மலாய் அந்த நிமிஷம் காணாமல் போனது. வாய் திறந்தது, அதிலிருந்து ஒரு சொல் வந்தது. அது "ருமா", வீடு. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சார்ஜன்ட் என்னை விட்டுவிட்டு மச்சானிடம் ஐ.சி. கேட்டார். உறையிலிருந்து அது வெளியே வந்தது. சிவப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதா, அல்லது மாறியது என்று நான் நினைத்துக்கொண்டேனா, இன்றுவரை தெரியாது. ஓர் இளம் போலீஸ்காரரைக் கூப்பிட்டு அதைக் கொடுத்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு மரத்தடி மேசைக்கு நடந்து போனார்.

அந்தப் பதினைந்து அடி தூரத்தை நான் மறக்கவில்லை. மச்சான் கண்ணை இமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐ.சி. அவர் பார்வைக்கு எட்டிய இடத்தில் இருந்தது. ஆனால் அவரிடம் இல்லை. மணி எட்டு இருபது. என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் எனக்கு ஒரு சம்மன், ஓர் அபராதம், வீட்டில் ஒரு வாரம் கேலி. அவருக்கு? பத்து மணிக்கு ஷா ஆலாமில் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். இந்தத் தேதிக்கே ஆறு வருஷம். அடுத்த தேதி எப்போது வரும் என்று யாரும் எழுதித் தரப்போவதில்லை. லயம் அதுவரை நிற்கப்போவதும் இல்லை.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். இறங்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் சார்ஜன்ட் முன்னால் போய் நின்றுவிட்டார்.

"துவான்," என்றார். "லேசன் ஆடா. டி ருமா. தெங்கா செம்பாயாங்."

லைசன்ஸ் இருக்கிறது, வீட்டில் இருக்கிறது, சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. நான் இரண்டு வாரமாகத் திருத்திய ஒன்றும் அந்த வாக்கியத்தில் இல்லை. முன்னாலும் எதுவும் ஒட்டவில்லை, பின்னாலும் எதுவும் ஒட்டவில்லை. பிறகு அவர் நிற்கவே இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் வேலைச் சாமான்களுக்கு ஓய்வு கொடுத்துக் கும்பிடுவதைச் சொன்னார். தன் லோரியும் ஆலையில் மாலை போட்டு நிற்பதைச் சொன்னார். தங்கை சாவியை எடுத்ததைச் சொன்னார், மாப்பிள்ளை லைசன்ஸை மறந்ததைச் சொன்னார். கடைசியாகக் கடிதத்தை விரித்துப் பத்து மணி என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். குரல் நடுங்கவில்லை.

சார்ஜன்ட் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கடிதத்தை முழுவதும் படித்தார். மூலையில் இருந்த சந்தனப் பொட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பிறகு மச்சானிடம், உன் லைசன்ஸும் அங்கேதான் இருக்கிறதா என்று கேட்டார்.

மச்சான் கால்சட்டைப் பைக்குள் கையைவிட்டு ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார், சுருட்டு வைக்கும் டப்பா. அதற்குள்ளிருந்து, நான்காய் மடித்து, புகையிலை வாசத்தோடு, லைசன்ஸ் வெளியே வந்தது.

சார்ஜன்ட் முதலில் என் பெயரில் ஒரு சம்மன் எழுதினார். லைசன்ஸைக் கோலசிலாங்கூர் ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். காரை இவன் ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார் என்றார். நம்பர் பலகையைத் துடைக்கச் சொன்னார். அம்மனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டபடி கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தேன். இளம் போலீஸ்காரர் ஐ.சி.யைக் கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஓட்ட வேண்டுமே, அதனால் என் மடியில் வைத்தார்.

"கெட்டியாப் புடிச்சிக்குங்க மாப்ள. சன்னலோரம் வேணாம்."

அதற்கு முன் நான் அந்த ஐ.சி.யைத் தொட்டதில்லை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் தொண்ணூறில் ஓட்டினார், கரும்புகை கக்கிய லோரி ஒன்றை வளைவிலேயே முந்தினார். கிள்ளான் பாலத்து நெரிசலில் எனக்குத் தெரியாத சந்துகளில் புகுந்து வெளியே வந்தார். வழக்கமாக நான் கண்ணை மூடியிருப்பேன். அன்று வேகம் என்னை ஒன்றும் செய்யவில்லை. என் பயம் முழுவதும் அந்த ஐ.சி.யிலேயே செலவாகிவிட்டது. எங்கேயாவது நழுவிவிடுமோ, மடங்கிவிடுமோ, என் வியர்வை பட்டு எழுத்து அழிந்துவிடுமோ என்று ஷா ஆலாம் வரை மூச்சை அடக்கிக்கொண்டே வந்தேன். அவர் இதை முப்பது வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பது காப்பாரைத் தாண்டியபோதுதான் எனக்குத் தோன்றியது.

வழியில் கேட்டேன். எல்லாவற்றையும் தட்டில் வைத்தவர் லைசன்ஸை மட்டும் ஏன் வைக்கவில்லை?

"ஒண்ணாவது கையில இருக்கணும்லா. நீங்கதான எழுதி வச்சிருக்கீங்க, எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்காதேன்னு."

அவர் என் தாளைப் படித்திருந்தார். படித்தவர் அவர் ஒருவர்தான்.

ஒன்பது ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெயரைக் கூப்பிட்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தைலப் புட்டியில் இருந்த பத்துக் காசு நாணயங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது. திரும்ப எண்ணினேன். இருபதுதான். கால் மணி நேரம் கழித்து வந்தார். தேசிய மலர் கேட்டார்களா என்றேன். இல்லையாம். இன்றைக்கு எப்படி வந்தாய் என்று மட்டும் கேட்டார்களாம். அவர் சொல்லியிருக்கிறார், ஆரம்பத்திலிருந்து, சந்தனம் முதற்கொண்டு. அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். பிறகு கடிதம் வரும், போ என்றார்களாம்.

கடிதம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் தபால் பையை நான் யாரையும் திறக்கவிடவில்லை. ஒவ்வொரு பழுப்பு உறையையும் பிரிக்கும் முன் ஒரு தடவை கண்ணை மூடிக்கொள்வேன். ஒருநாள் அவர் பெயர் போட்ட உறை வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓட்டினேன், லைசன்ஸோடு. லோரி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் செம்பனை எண்ணெய். தொடவில்லை, என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். மனு ஏற்கப்பட்டது. சிவப்பு ஐ.சி.யை ஒப்படைக்க வேண்டும், புது ஐ.சி. தயாராகும்வரை தற்காலிகச் சீட்டு ஒன்று தரப்படும்.

அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"செவப்பக் குடுத்துட்டு, நீலம் வர்ற வரைக்கும், நான் யாரு மாப்ள?"

அந்தச் சில வாரங்களும் அவர் தோட்டத்து எல்லையைத் தாண்டவில்லை. லோரியை வேறு ஆள் ஓட்டினான். சீட்டை நான்கு பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு வைத்திருந்தார்.

நீலம் வந்தது. அடுத்த சரஸ்வதி பூசையும் வந்தது. மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டு, ஐ.சி.யைத் தட்டில் வைக்கமாட்டேன் என்றார். வைக்காமல் எப்படி என்றாள் தங்கை, கொடுத்ததே அம்மாதானே என்றாள். இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் ஆபீஸுக்குப் போய் அதை ஃபோட்டோஸ்டேட் எடுத்தேன். கிராணி என்ற முறையில், மூலத்துக்குச் சரியான நகல் என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டேன். அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது, அம்மன் ஏற்றுக்கொள்ளாமலா போவாள் என்றேன். மனைவி அந்த முத்திரையைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு நகலின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். என் லைசன்ஸின் நகலும் பக்கத்தில் இருந்தது. அசல் காலுறைக்குள், பத்து வெள்ளியோடு.

கற்பூரம் காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பினோம். நான் பாதியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். மச்சான் ஒரு கையால்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கை சட்டைப் பைமேல் இருந்தது.